தொலெந்தீனோ பக்கம் ஒரு புகை

தொலெந்தீனோ, நியூ மெக்சிகோ
1993 ஜூலை 12

அன்புள்ள லியோகாதியா,

இந்தக் கடிதம் உங்கள் மலை உச்சிக்கு வந்து சேர எத்தனை நாளாகும் என்று கோவேறு கழுதைக்காரர் கோஸ்மேயிடம் கேட்டேன். "கழுதைக்கு மனசு வந்தா ரெண்டு நாளு, எனக்கு மனசு வந்தா மூணு நாளு" என்றார். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

வசந்தத்தில் நாம் பேசி வைத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகஸ்ட் கடைசியில் மழை வலுத்து, காடு நனைந்து, இனிமேல் தீ பயமில்லை என்று வனத்துறை உங்களைக் காவல் கோபுரத்திலிருந்து இறக்கிவிட்டதும் நாம் இருவரும் ஒரு சுற்றுப்பயணம் போகிறோம். திட்டம் போட்டு முடித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். நாற்பது பிள்ளைகளையும் நாற்பது வாத்தியங்களையும் ஒரே பேருந்தில் ஏற்றிக் கச்சேரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தவனுக்கு இரண்டு பேர் பயணம் ஒரு பொருட்டா?

செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை காலை மலையடிவாரத்தில் உங்களை வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன். நேரே ஹாட்ச், மிளகாய்த் திருவிழா. கம்பிக்கூடையில் உருண்டு கருகும் மிளகாய் வாசனை நெடுஞ்சாலையிலேயே வண்டிக்குள் புகுந்துவிடும், கண்ணாடியை ஏற்றிப் பயனில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு கடையில் மேசை சொல்லிவைத்தாயிற்று. உங்களுக்குச் சோள ரொட்டியைச் சுருட்டிப் பச்சை மிளகாய்க் குழம்பு ஊற்றிய என்சிலாடா, மேலே ஒரு முட்டை. எனக்குச் சிவப்பு. சனிக்கிழமை லாஸ் குரூசஸில் ஒயின் திருவிழா. ஞாயிற்றுக்கிழமை என் சிநேகிதர் ஒருவரின் திராட்சைத் தோட்டம். அந்தக் காலத்துப் பாதிரிமார்கள் பூசைக்கென்று கொண்டுவந்து நட்ட சாதித் திராட்சையை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார். அந்த ஒயின் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருக்கும், ஆனால் பொய் சொல்லாது. தங்குமிடத்தில் இரண்டு அறைகள் சொல்லியிருக்கிறேன். இதை என் அக்கா எவுலாலியா கேட்கும் முன்னாலேயே உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக எங்கள் ஊர்த் திருவிழா. ஒன்பதாம் தேதி மாலை கோயில் முற்றத்தில் விறகு அடுக்கி நெருப்பு மூட்டுவோம். பத்தாம் தேதி புனிதருக்குப் பூசை, பிறகு ஊருக்கே சாப்பாடு. என் பிள்ளைகள் வாசிப்பார்கள்.

போன நவம்பரில் பள்ளிக் கச்சேரி முடிந்ததும் முன்பின் தெரியாத ஒரு பெண் என்னிடம் வந்து, "மூணாவது ட்ரம்பெட் பையன் பயத்துல ஊதவே இல்ல, வாய மட்டும்தான் வச்சிருந்தான், பாத்தீங்களா?" என்று கேட்டார். எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்த விஷயம் அது. அன்றைக்கே எனக்குத் தெரியும், உங்களுடைய இந்தக் கண்களோடு ஒரு திருவிழாவைப் பார்த்தால் அது வேறு திருவிழாவாக இருக்கும்.

மழை சீக்கிரம் வரட்டும்.

நெஸ்தோர் அபோதாகா


கோபுரம்
ஜூலை 24

அன்புள்ள நெஸ்தோர்,

உங்கள் திட்டத்தை இரண்டு முறை படித்தேன். அழகாக இருக்கிறது. நான் மூச்சு விடுவது எந்தக் கிழமை என்று மட்டும் போட மறந்துவிட்டீர்கள்.

கோபப்பட வேண்டாம். இங்கே பேச ஆளில்லாததால் கிண்டல் சேர்ந்துவிடுகிறது. நான்கு பக்கமும் கண்ணாடி, நடுவில் வட்டமேசை, அதன்மேல் புகையின் திசையைக் குறிக்கும் கருவி, ஒரு கட்டில், ஒரு அடுப்பு. இடி மின்னல் வந்தால், மின்சாரம் தாக்காமலிருக்க, கண்ணாடிக் கால் வைத்த முக்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஒன்பது கோடைகளாக இதுதான் என் வீடு. சாப்பாடு டப்பாவில் வந்த பீன்ஸ். மிளகாய்ப் பொடி தீர்ந்துபோயிற்று. உங்கள் கடிதத்தில் அந்தக் கருகல் வாசனை வந்த இடத்தில் எனக்கு உண்மையாகவே நாக்கில் நீர் ஊறியது. படித்துக்கொண்டே டப்பா பீன்ஸைச் சாப்பிட்டு முடித்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது.

தெளிவான நாளில் இங்கிருந்து பார்த்தால் ஆற்றோரம் ஒரு பச்சைக் கோடு தெரியும். அதில் எது உங்கள் ஊர் என்று கோஸ்மே காட்டிக் கொடுத்தார். ஊருக்குப் பின்னால் ஒரு மொட்டைக் குன்று இருக்கிறதாமே. காலையில் சுற்றிப் பார்க்கும்போது அந்தப் பக்கம் கொஞ்சம் அதிக நேரம் பார்க்கிறேன். வேலை நேரத்தில் இப்படிச் செய்யக்கூடாது, இதை நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

வருகிறேன். சந்தோஷமாக வருகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு மத்தியானத்தை வெறுமனே விட்டு வையுங்கள். எங்கே போகலாம், என்ன சாப்பிடலாம் என்று இரண்டு பேரும் தெருவில் நின்று முழிக்கிற மாதிரி ஒரு மத்தியானம்.

அப்புறம், எனக்குப் பச்சை என்று யார் சொன்னார்கள்?

லியோகாதியா மாயெஸ்


தொலெந்தீனோ
ஆகஸ்ட் 5

அன்புள்ள லியோகாதியா,

உங்கள் உத்தரவுப்படி திட்டம் திருத்தப்பட்டது. சனிக்கிழமை மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை வெறுமனே இருக்கிறோம். எந்த இடத்தில் வெறுமனே இருப்பது என்பதையும் பார்த்து வைத்துவிட்டேன். நல்ல நிழல் உள்ள இடம், பக்கத்திலேயே உப்பலான சோபாபியா ரொட்டி சுட்டுத் தேனோடு கொடுக்கிற கடை.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். என்னைப் பற்றி அக்கா சொல்வது சரிதான். "இவன் செத்தா சவப்பெட்டிக்குள்ள படுத்துக்கிட்டே ஊர்வலத்த ஒழுங்குபடுத்துவான்" என்பாள்.

பச்சை என்று யாரும் சொல்லவில்லை. உங்களைப் பார்த்தால் பச்சை விரும்புகிறவர் மாதிரி இருந்தது, அவ்வளவுதான். புதுசு, நேர், உடனே உறைக்கும்.

கோஸ்மேயிடம் முதல் பறிப்பில் சுட்ட மிளகாய் ஒரு பை கொடுத்தனுப்பியிருக்கிறேன். தோலை நானே உரித்தேன். கையுறை போடாமல் உரித்துவிட்டு அதே கையால் கண்ணைத் தேய்த்தேன். ஐம்பத்தேழு வயது, பிறந்ததிலிருந்து இதே ஊர், இன்னும் புத்தி வரவில்லை. நீங்கள் ஒரு மலைத்தொடர் முழுவதையும் தனியாகக் கண்ணில் வைத்திருக்கிறீர்கள். எனக்கு என் இரண்டு கண்ணையே பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை.

இப்போது பெரிய சேதி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு ஊர்க்கூட்டம். அடுத்த ஆண்டுக்கு மயோர்தோமோ யார் என்று கேட்டார்கள். கோயிலைக் கூட்டிப் பெருக்குவதிலிருந்து திருவிழாவுக்கு ஊரைக் கூட்டிச் சோறு போடுவது வரை வருஷம் முழுக்கப் பொறுப்பு, ஜோடியாக ஏற்க வேண்டும். ஒருவரும் கை தூக்கவில்லை. எல்லாரும் தங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி இறந்து ஆறு ஆண்டுகளாக நானும் அப்படித்தான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவன். அன்றைக்கு என்னவோ எழுந்துவிட்டேன். "நெஸ்தோர் அபோதாகா, லியோகாதியா மாயெஸ்" என்றேன். ஒரே கைதட்டல். கிழவர்கள் வந்து என் தோளைத் தட்டினார்கள். பத்தாம் தேதி பூசையில் பெயர்களை வாசிப்பார்கள். அப்போது நீங்கள் என் பக்கத்தில் நிற்பீர்கள். நம் பயணம் முடிய இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா?

மிகுந்த சந்தோஷத்தோடு,
நெஸ்தோர்


கோபுரம்
ஆகஸ்ட் 15

திரு. அபோதாகா அவர்களுக்கு,

மிளகாய் வந்து சேர்ந்தது. நன்றி.

நானும் அப்படியொரு ஊரில் பிறந்தவள்தான், வடக்கே மோரா பக்கம். ஒரு ஆண் பெயரையும் ஒரு பெண் பெயரையும் சேர்த்து மயோர்தோமோ என்று சொன்னால் ஊர் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்ளும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். உங்களுக்கும் வேண்டாம். அந்தக் கிழவர்கள் உங்கள் தோளைத் தட்டியது கோயில் கூட்டுவதற்காக இல்லை, கல்யாணத்துக்காக.

என் முன்னாள் கணவர் கெட்டவர் அல்ல. அடித்ததில்லை, குடித்ததில்லை. சாப்பிடப் போனால் எனக்கும் சேர்த்து அவரே சொல்லிவிடுவார். வீடு எங்கே வாங்குவது, நான் எந்த வேலைக்குப் போவது, என் தலைமுடி எவ்வளவு நீளம், எல்லாம் அப்படித்தான், அன்பாக. பத்தொன்பது ஆண்டு கழித்து ஒரு நாள் அவர் ஊரில் இல்லாதபோது நான் தனியாக ஒரு கடையில் போய் உட்கார்ந்தேன். எனக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கே தெரியவில்லை. பரிமாறுகிற பெண் நின்றுகொண்டே இருந்தாள். அந்த ஆண்டுதான் இந்த வேலைக்கு எழுதிப் போட்டேன்.

நம் சீமையில் எவ்வளவு கந்தலாக ஒருவன் வந்து மேசையில் உட்கார்ந்தாலும் "சிவப்பா, பச்சையா?" என்று கேட்காமல் எந்தப் பெண்ணும் சமையலறைக்குள் போக மாட்டாள். நீங்கள் கேட்கவில்லை. தட்டுக்குக் கேட்கவில்லை, ஒரு வருஷத்துக்கும் கேட்கவில்லை.

மழை ஏமாற்றிவிட்டது. வெறும் மின்னல்தான். காடு சோளச் சருகு மாதிரி நொறுங்குகிறது. செப்டம்பர் முழுவதும் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே உங்கள் பயணத்துக்கு வர இயலாது. மழை பெய்திருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

லி. மாயெஸ்


தொலெந்தீனோ
ஆகஸ்ட் 23

அன்புள்ள லியோகாதியா,

அறைகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேசையையும்.

நான் என்ன கொலையா செய்துவிட்டேன்? ஒருவரும் எழுந்திராதபோது எழுந்தேன். என் பெயருக்குப் பக்கத்தில் வைக்க உங்கள் பெயரைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. உங்களைப் பெருமைப்படுத்துகிறேன் என்று நினைத்தேன். இதை அக்காவிடம் சொன்னபோது சோளமாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்காமலே கேட்டாள்: "ஏன்டா, அவகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" கடிதம் போய்வர இரண்டு வாரமாகுமே என்றேன். "அப்ப ரெண்டு வாரம் செருப்பயே பாத்துக்கிட்டு இருந்திருக்கணும்" என்றாள்.

இப்போது போய்ப் பெயரை எடுத்துவிடுங்கள் என்று எப்படிச் சொல்வேன்? ஊர் முழுக்கச் சிரிக்கும். நான் இந்த ஊரில் மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்கு வாத்தியார்.

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். நாளைக்குப் படித்தால் வெட்கப்படுவேன், அதனால் இன்றைக்கே கோஸ்மேயிடம் கொடுத்துவிடுகிறேன்.

நெஸ்தோர்


தொலெந்தீனோ
செப்டம்பர் 6

அன்புள்ள லியோகாதியா,

கோஸ்மே இரண்டு முறை வந்துவிட்டார், உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. "அம்மா நல்லா இருக்காங்க, பேச மாட்டேங்கறாங்க, கழுதைக்கு மட்டும் ஒரு ஆப்பிள் குடுத்தாங்க" என்றார். கழுதையின்மேல் பொறாமை வந்தது.

அக்காவை அழைத்துக்கொண்டு ஹாட்சுக்குப் போனேன். வாசனை நான் சொன்னபடியே நெடுஞ்சாலையில் வந்து ஏறியது. உருளைக்கு அடியில் நெருப்பு சீறுகிறது, மிளகாய் பட்டாசு மாதிரி வெடிக்கிறது, மூட்டை தூக்கிக்கொண்டு நிற்கிற அத்தனை பேர் முகத்திலும் ஒரே பசி. சனிக்கிழமை ஒயின் திருவிழாவில் பிள்ளைகள் முழங்கால்வரை திராட்சையில் நின்று மிதித்தார்கள். என் சிநேகிதர் தோட்டத்தில் அந்த முரட்டு ஒயினை ஒரு கோப்பை குடித்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றையும் பார்த்தவுடன் என் தலை தானாக இடப்பக்கம் திரும்பியது, நீங்கள் என்ன கவனித்தீர்கள் என்று பார்க்க. அங்கே எவுலாலியா அக்கா கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு நின்றாள்.

சாப்பிட உட்கார்ந்தோம். பரிமாறும் பெண் வந்து, "சிவப்பா, பச்சையா?" என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து கேட்கிற கேள்வி. அன்றைக்குத்தான் முதல் முறையாகக் காதில் விழுந்த மாதிரி இருந்தது. அவள் அக்காவைப் பார்த்து ஒரு முறை கேட்டாள், என்னைப் பார்த்து ஒரு முறை கேட்டாள். அக்காவுக்குப் பச்சை என்று ஐம்பது ஆண்டுகளாகத் தெரிந்த நானே வாயைத் திறக்கவில்லை. அக்கா கொஞ்சம் யோசித்தாள். பிறகு சிவப்பு என்றாள்.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காலையில் மிளகாய் தொட்ட கை என்று அக்காவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. கடிதம் போவதற்குள் திருவிழாவே முடிந்துவிடும். ஒன்பதாம் தேதி மாலை வேறு வழியில் சொல்லிப் பார்க்கிறேன்.

நெஸ்தோர்


கோபுரம்
செப்டம்பர் 11

நெஸ்தோர்,

ஒன்பதாம் தேதி பொழுது சாயும் நேரம். கோயில் முற்றத்து நெருப்புகள் சிறு பொட்டுகளாகத் தெரிந்தன. அவற்றுக்கு அனுமதி உண்டு, தண்ணீர்க் குழாயோடு ஆட்கள் நிற்பார்கள் என்று எங்களுக்கு முன்பே தகவல் வந்திருந்தது. சரி, இதுதான் அவர் சொன்ன நெருப்பு என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கோபம் இருந்தது, ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மொட்டைக் குன்றின் உச்சியில் தனியாக ஒன்று எழுந்தது. புகை குறைவு, தழல் நேர். காய்ந்த விறகாகத் தேடிப் பொறுக்கி, ஒழுங்காக அடுக்கி மூட்டிய நெருப்பு. இவ்வளவு திட்டத்தோடு சட்டத்தை மீறுகிறவர் அந்த ஊரில் ஒருவர்தான் இருக்க முடியும்.

எனக்காகத்தான் என்று தெரிந்தது. தெரிந்ததும் என்ன ஆனது என்பதை எழுத மாட்டேன் என்று நினைத்தேன், எழுதிவிடுகிறேன். உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பார்க்க வைப்பதற்காக யாரும் எதையும் ஏற்றியதில்லை.

பிறகு எழுந்து திசைக்கருவியைத் திருப்பி, கோணம் பார்த்து, ரேடியோவை எடுத்தேன். ஜூன் மாதத்திலிருந்து தீ மூட்டத் தடை. வடமேற்கே மின்னல் மேகம் ஒன்று நின்றது, மழையில்லாத மேகம். அது கலைந்தால் காற்று எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்கும் தெரியாது. இடத்தைச் சொன்னேன். நிலையத்தில் இருந்தவர், யார் வேலை என்று தெரியுமா என்று கேட்டார். "புகையக் காட்டறது என் வேல, ஆளக் கண்டுபிடிக்கறது உங்க வேல" என்றேன்.

அரை நிமிஷம் தயங்கினேன். அதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஒரு புகையை உங்களுக்காகப் பார்க்காத மாதிரி விட்டிருந்தால், இந்த ஒன்பது கோடைகளில் நான் பார்த்த எதற்கும் மதிப்பிருக்காது. உங்களுக்குப் பிடித்ததாகச் சொன்ன அந்தக் கண்களும் போயிருக்கும்.

உங்களைப் பிடித்துக்கொண்டு போனார்களா? யாரும் எனக்குச் சொல்லவில்லை.

லியோகாதியா

பி.கு. உங்கள் ஆறாம் தேதிக் கடிதம் இன்று காலைதான் வந்தது. எவுலாலியா அக்காவுக்கு அந்தச் சிவப்பு பிடித்ததா?


தொலெந்தீனோ
செப்டம்பர் 14

அன்புள்ள லியோகாதியா,

இரண்டு வாரத்துக்கும் மேலாக எதிர்பார்த்துக்கொண்டிருந்த பதில் தீயணைப்பு வண்டியில் வந்தது.

பாறைதானே, புல்லில்லையே, யாருக்கு என்ன கெடுதல் என்று நினைத்துத்தான் மூட்டினேன். ஒரு பாட்டு வாசிக்கிற நேரம்கூட ஆகவில்லை, கீழே விளக்குகள் திரும்பின. வண்டியிலிருந்து இறங்கியது ருபேன் சிஸ்னெரோஸ். என்னிடம் ட்ரம்பெட் கற்றவன், உங்களுக்கே தெரியும், அந்த மூன்றாவது ட்ரம்பெட் பையனின் அண்ணன். அவனும் ஊத மாட்டான். என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். "வாத்தியாரே, நீங்களா? கோபுரத்து அம்மா கோணத்தோட சொல்லிட்டாங்க, நான் என்ன செய்ய?" என்றான். அவனும் ஆட்களும் நானுமாகத் தண்ணீர் சுமந்து அணைத்தோம். திட்டியும் தீர்த்தான். பள்ளியில் நான் அவனைத் திட்டியதையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுத்தான்.

அணைத்து முடித்துக் கீழே இறங்கும்போது காற்று திரும்பியது. நீங்கள் பார்த்த அதே மேகம்தான். தொப்பி பறந்தது. ஓரத்தில் நனையாமல் கிடந்த சாம்பல் எழுந்து அக்காவின் வைக்கோல் போர்மேல் போய்ப் படிந்தது. அதில் ஒரு பொறி உயிரோடு இருந்திருந்தால் போர், தொழுவம், வீடு, எல்லாம் வரிசையாகப் போயிருக்கும். ருபேனும் நானும் திரும்பி மலையைப் பார்த்தோம். அங்கே ஒன்றும் தெரியாது, இருட்டிவிட்டது. ஆனாலும் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிந்தது.

லியோகாதியா, உங்களைப் பற்றி எனக்கு எப்போதும் பெருமைதான். ஆனால் அது வரை நான் மெச்சியது உங்கள் கண்களை. அன்றைக்குத்தான் அந்தக் கண்களுக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று தெரிந்தது. எனக்காகக்கூட வளையாத ஒரு பெண்ணிடம் மனத்தைக் கொடுத்திருக்கிறேன். அதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியாது.

மறுநாள் பத்தாம் தேதி பூசை. பெயர் வாசிக்கச் சாமியார் காகிதத்தை எடுத்தார். நான் எழுந்தேன். "சாமி, அந்த ரெண்டாவது பேர அடிச்சிடுங்க. அவங்களக் கேக்காம நானா குடுத்த பேரு அது. தப்பு என்னோடது" என்றேன். நான் பயந்தபடியே ஊர் சிரித்தது. பின்வரிசையிலிருந்து யாரோ, "வாத்தியாரு நேத்து கேட்டாரே, அவங்க வண்டி அனுப்பி பதில் சொல்லிட்டாங்களே" என்றார்கள். சாமியார்கூட முகத்தைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டார். சிரிக்கட்டும். நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை. சாமியார் என் பெயரை மட்டும் வாசித்தார். மற்ற இடம் இந்த மாதக் கடைசிவரை காலியாக இருக்கும், அதற்குப் பிறகு வேறு ஜோடி பார்ப்பார்கள்.

அக்காவுக்குச் சிவப்பு பிடிக்கவில்லையாம். ஆனால் கேட்டதற்காக அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

நான் உங்களிடம் ஜூலையிலேயே கேட்டிருக்க வேண்டிய இரண்டு கேள்விகளை இப்போது கேட்கிறேன். முதலாவது: சிவப்பா, பச்சையா? இரண்டாவது: அந்தக் காலி இடத்தில் உங்கள் பெயரை எழுதலாமா? ஊர் எடுத்துக்கொள்கிற அர்த்தம் முழுவதோடும் கேட்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அப்போதும் அடுத்த செப்டம்பரில் ஒரு என்சிலாடா சாப்பிட வாருங்கள், எந்தத் திட்டமும் இல்லாமல்.

நெஸ்தோர்


கோபுரம்
செப்டம்பர் 23

அன்புள்ள நெஸ்தோர்,

மழை வந்துவிட்டது. முந்தாநாள் மத்தியானம் தொடங்கி இன்னும் விடவில்லை. கண்ணாடியில் வழிகிற தண்ணீரைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. இறங்கலாம் என்று உத்தரவு. கோஸ்மே கழுதையோடு வந்து கீழே நனைந்துகொண்டு நிற்கிறார், சீக்கிரம் எழுதச் சொல்கிறார். இந்தக் கடிதத்தை அவர் முதலில் கொண்டுவருவார். மூட்டை முடிச்சோடு நான் ஒரு நாள் கழித்து அவர் பின்னால் வருகிறேன்.

ஹாட்ச் முடிந்துவிட்டது. ஒயின் திருவிழா முடிந்துவிட்டது. உன் ஊர்த் திருவிழாவும் முடிந்துவிட்டது. நாம் போவதற்கென்று நீ கண்டுபிடித்து வைத்த எதுவுமே மிச்சமில்லை. எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது. தெருவில் நின்று முழிக்கலாம். உன் சிநேகிதரிடம் அந்த முரட்டு ஒயின் ஒரு புட்டி மட்டும் வைக்கச் சொல்.

முதல் கேள்விக்குப் பதில்: இரண்டும். பக்கத்தில் பக்கத்தில், ஒன்றோடு ஒன்று கலக்காமல், நடுவில் முட்டை. இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு ஒன்பது கோடைகள் ஆயின. ஒரு முறை கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன்.

இரண்டாவது கேள்வியை நேற்று முழுவதும் வைத்துக்கொண்டிருந்தேன். முக்காலியில் ஏறி உட்கார்ந்து, சுற்றிலும் இடி விழ, யோசித்தேன். நீ குன்றில் நெருப்பு மூட்டியது பெரிதாகத் தெரியவில்லை, அதை எந்த மடையனும் செய்வான். கோயிலில் எழுந்து நின்று பெயரை அடிக்கச் சொன்னாய் பார், அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று தலைமுறைக்கு வாத்தியார், அத்தனை பேர் சிரிக்க. அந்த இடத்தில் நின்றவரைப் பார்க்க எனக்குக் கண்கள் போதவில்லை.

எழுது. லியோகாதியா மாயெஸ் என்று முழுப் பெயரும் எழுது. ஒன்று மட்டும் தெரிந்துகொள். ஏப்ரல் வந்தால் நான் மலைக்குத் திரும்புவேன். கோடை முழுக்கக் கோயிலைக் கூட்டுவதும் மெழுகுவத்தி ஏற்றுவதும் நீதான், தனியாக. ஊர் கேட்டால் மயோர்தோமோ வேலையில் இருக்கிறாள் என்று சொல். அதை இப்போதே ஒத்துக்கொள்ள முடியாவிட்டால் நான் வந்ததும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடு, கோபப்பட மாட்டேன்.

ஆனால் திருவிழாவுக்கு இறங்கி வருவேன். அதற்கு இரண்டு நாள் இங்கே வேறொருவரை உட்கார வைக்கச் சொல்லி இப்போதே ரேடியோவில் கேட்டுவிட்டேன், சரி என்று சொல்லிவிட்டார்கள். முற்றத்தில் நெருப்பு மூட்டுவது நான். நீ தண்ணீர் வாளியோடு பக்கத்தில் நிற்கிறாய்.

கிளம்புவதற்கு முன் இங்கே வந்து உட்காருகிறவரிடம் நானே சொல்லிவிடுவேன்: இன்று மாலை தொலெந்தீனோ பக்கம் ஒரு புகை தெரியும், பதற வேண்டாம், அது எங்களுடையது.

லியோகாதியா